ஒன்பதாம் வரியில் ஒரு தட்டு குறைவு

செவ்வாய் இரவுகளில்
போர்ட்டேஜ் அவென்யூவில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
எங்களுக்கு ஆங்கிலக் கவிதை.
வெளியே வின்னிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
ஹீட்டரின் மீது வரிசையாய்க் காயும் கையுறைகள்,
ஈரக் கம்பளி நாற்றம்.
ஃப்ரீஸன் டீச்சர் மேசையைத் தட்டுகிறார்:
இலேசு, பலம். இலேசு, பலம்.
உங்கள் இதயத்தைக் கேளுங்கள் என்கிறார்.

எனக்குக் கேட்டது
ஆஸ்பத்திரி லாண்டரியின் நான்காம் இயந்திரம்.
அறுபது கிலோ ஈர விரிப்பு
ஏறி விழும், ஏறி விழும்.
பேரிங் தேய்ந்துபோனதில்
அவ்வப்போது ஒரு விழுதலை விழுங்கிவிடும்.

டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டபோதே
பாடம் தொடங்கிவிட்டது.
தமயந்தியில் ‘யன்’னை மட்டும்
தூக்கி நிறுத்துகிறார்.
மற்ற எழுத்துகள் அதன் தோளில் தொங்குகின்றன.
நான் எழுதிப் பழகிய பெயரில்
எவரும் எவரையும் மிதிப்பதில்லை.

கவிதை இதுதான்: பன்னிரண்டு வரி.
ஒருவன் பேரி மரத்தைக் கத்தரிக்கிறான்.
ஏணி ஒன்று.
கையுறை இரண்டு சோடி.
வேறொன்றும் நடக்கவில்லை.
எழுதியவர் இறந்து நூற்றைம்பது வருடமாம்.
பேரி இன்னும் பழுக்கவில்லை.

கருப்பொருள் என்ன?
லாண்டரியிலிருந்து என்னோடு வரும் மாரிவிக்
‘மரம்’ என்றாள்.
பின்வரிசை ‘குளிர்காலம்’ என்றது.
டீச்சர் பலகையில் ‘இழப்பு’ என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார்.
பூனை நாக்கை வைக்குமுன்
சிந்திய பாலைத் துடைத்துவிட்டதுபோல இருந்தது.
இரண்டாம் சோடி யாருடையது என்று
ஒருவரும் கேட்கவில்லை.

எதுகையைத் தேடி
வரியின் முன்வாசலில் நின்றேன்,
இரண்டாம் எழுத்தில், வழக்கம்போல.
இவர்களோ பின்கதவால் போய்
கடைசிச் சொல்லில் கைகுலுக்கிக்கொள்கிறார்கள்.
பத்தாம் வரியும் பன்னிரண்டாம் வரியும் மட்டும்
கை நீட்டி,
விரல்நுனி பட்டு விலகுகின்றன.
பிழையல்ல, பாதி இயைபு என்றார் டீச்சர்.
‘சட்டத்துள் சரியாக உட்காராத கதவு.
குளிர் இதன் வழியாகத்தான் வருகிறது’ என்று
ஓரத்தில் எழுதிவைத்தேன்.

ஓசைக்கு என்னிடம்
மூன்று பழைய பெட்டிகள் இருந்தன,
வல்லினம், மெல்லினம், இடையினம்.
எட்டு வரிவரை க், ட், ப்.
கத்தரிக்கோல்தான் பேசுகிறது.
ஒன்பதில் ம், ன், மறுபடியும் ம்.
வாயை மூடிக்கொண்டு
ஒருவன் மூக்கால் மூச்சு விடுகிறான்.
அதே வரியில்
நான்கு தட்டு விழவேண்டிய இடத்தில் மூன்று.
மேசையில் தட்டிப் பார்த்தேன்.
நான்காவதற்கு உயர்ந்த விரல்
அப்படியே அந்தரத்தில்.

வெண்பாவென்றால் ஈற்றடியில் ஒரு சீர் குறையலாம்,
குறையத்தான் வேண்டும்.
நடுவில் குறைந்தால் தளை தட்டிற்று என்று
பிரம்பு எடுப்பார்கள்.
இங்கே நடுவில் குறைத்தவனுக்கு
நூற்றைம்பது வருடமாய்ப் பாடப்புத்தகத்தில் இடம்.

பரீட்சையில் எழுதினேன்:
ஒன்பதாம் வரியில் அவன் கீழே பார்க்கிறான்.
ஏணியைப் பிடிக்க ஆள் இல்லை.
அவன் அதைச் சொல்லவில்லை, வரி சொல்கிறது.

பத்துக்கு ஆறு.
பக்கத்தில் சிவப்பு மையில்:
சுவாரஸ்யம்! ஆனால் ஏணி பிடிப்பவர்
கவிதையில் எங்கே இருக்கிறார்?

எங்கும் இல்லை, டீச்சர்.
அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் காலை
பொஹ்டான் வந்து பேரிங் மாற்றினான்.
நான்காம் இயந்திரம் இப்போது
ஒரு விழுதலையும் விடுவதில்லை.
சூப்பர்வைசர் கட்டைவிரல் உயர்த்துகிறார்.
நானும் மாரிவிக்கும்
விரிப்பை உதறி மடிக்கிறோம்,
முனைக்கு முனை, இரண்டாய், நான்காய்.
நடுவில் எங்கோ
என் கை நின்றுவிடுகிறது.

என்ன என்கிறாள்,
மறுமுனையை இழுத்துப் பிடித்தபடி.

எண்ணிக்கொண்டிருந்தேன் என்கிறேன்.